வீணென்று எறியாத மென்படலம்

நம் இல்லத்து மின்கம்பியைச் சற்று நோக்குங்கள். உள்ளே செம்பு, வெளியே பிளாஸ்டிக் உறை. செம்பு மின்சாரத்தைச் சுமந்து செல்கிறது. பிளாஸ்டிக் அதைத் தடுத்து நம் கையைக் காக்கிறது. உலோகத்தின் வழியே மின்சாரம் பாயும், பிளாஸ்டிக்கின் வழியே பாயாது என்றே நாமும் பள்ளியில் பயின்றோம். ஆனால் நாம் அப்பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்த நாளிலேயே, மின்சாரம் பாயும் பிளாஸ்டிக் ஒன்று உலகில் பிறந்துவிட்டிருந்தது. அது பிறந்ததோ ஒரு தவற்றினால்!

ஆயிரம் மடங்குத் தவறு

1967ஆம் ஆண்டு. ஜப்பான் நாட்டின் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடேக்கி ஷிராகவா என்னும் இளம் விஞ்ஞானி அசிட்டிலின் வாயுவைக் கொண்டு ஆராய்ச்சி நடத்தி வந்தார். நம் ஊர்ப் பட்டறைகளில் இரும்பைப் பற்றவைக்கப் பயன்படும் அதே வாயுதான். அதன் மூலக்கூறுகளைச் சங்கிலிபோல் கோத்தால் பாலிஅசிட்டிலின் கிடைக்கும். அதுவரை அது எதற்கும் உதவாத கரும்பொடியாகவே கிடைத்து வந்தது.

ஒரு நாள், அங்கு வந்து பணிபுரிந்த வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர், வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்த்துவிட்டார். பொடி உண்டாகவில்லை. கலத்தினுள் வெள்ளியைப்போல் பளபளக்கும் மென்படலம் ஒன்று படர்ந்திருந்தது. சோதனை கெட்டது என்று கொட்டியிருக்கலாம். ஷிராகவா கொட்டவில்லை, நேர்ந்தது என்ன என்று துருவி ஆராய்ந்தார், அத்தவற்றையே மீண்டும் மீண்டும் வேண்டுமென்றே செய்து பார்த்தார்.

1975இல் ஆலன் மக்டியார்மிட் என்னும் விஞ்ஞானி டோக்கியோவுக்கு வந்தார். நியூசிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர் அவர். இடைவேளையில் நடந்த ஓர் உரையாடலில் அந்த வெள்ளிப் படலம் அவர் பார்வைக்கு வந்தது. உடனே ஷிராகவாவைத் தம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திற்கு அழைத்தார். 1976இல் அங்கே, ஆலன் ஹீகர் என்னும் இயற்பியலாருடன் சேர்ந்து, அப்படலத்தின்மீது அயோடின் ஆவியைப் படரவிட்டனர். காயத்திற்கு நாம் இடும் டிங்க்சரில் உள்ள அயோடின்தான்! படலத்தின் மின்கடத்தும் திறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977இல் இச்செய்தி உலகிற்கு வெளியாயிற்று.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? இடைவெளியின்றி மக்கள் நெருங்கி அமர்ந்திருக்கும் நீண்ட பெஞ்சு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். யாரும் நகர இயலாது. ஒருவர் எழுந்து சென்றால், அடுத்தவர் அவ்விடத்திற்கு நகர்வார். அவருடைய இடத்திற்கு மற்றொருவர் நகர்வார். அயோடின் அச்சங்கிலியிலிருந்து சில எலெக்ட்ரான்களை எழுப்பிவிடுகிறது. மற்றவை நகரத் தொடங்குகின்றன. அந்நகர்வே மின்சாரம்.

கதிரொளியைப் பிடிக்கும் மை

இதன் பயன் என்ன என்று கேட்கலாம். இன்று வீட்டுக் கூரைகளில் காணும் சூரியப் பலகைகள் பெரும்பாலும் சிலிக்கனால் ஆனவை. சிலிக்கன் உருகுவதற்கு 1,414 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். கரியணுக்களை அடிப்படையாகக் கொண்ட கரிமப் பொருள்களையோ, மையைப்போல் கரைத்து, செய்தித்தாள் அச்சிடுவதுபோல் மெல்லிய தாளின்மீது பூசலாம். அது வளையும், சுருட்டலாம், எடையும் மிகக் குறைவு.

1986இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், இருவகைக் கரிமப் பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து ஒரு சூரிய மின்கலம் செய்தார். விழுந்த ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே மின்சாரமாயிற்று. குறை எங்கே? ஒளி பட்டதும் கரிமப் பொருளில் எதிர் மின்னும் நேர் மின்னும் பிணைந்த ஓர் இணை தோன்றுகிறது. இரு பொருள்களும் சந்திக்கும் எல்லையை அடைந்தால்தான் அது பிரிந்து மின்சாரமாகும். ஆனால் அதனால் கடக்க முடிந்த தூரமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு! அதற்குள் எல்லையை எட்டாவிடில் அது வீணாக மறைந்துவிடும்.

ஆகவே 1990களில் ஹீகரும் அவருடைய துணைவர்களும் வேறு வழி கண்டனர். இரு பொருள்களையும் அடுக்காமல், வெண்பொங்கலில் அரிசியும் பருப்பும் கலப்பதுபோல் ஒன்றாகக் கலந்தனர். எங்கே இணை தோன்றினும் எல்லை அருகிலேயே இருந்தது. பயன் படிப்படியாக உயர்ந்தது. 2019இல் சீன ஆய்வாளர்கள் ஒய்-6 என்னும் புதிய மூலக்கூறைக் கொண்டு 15.7 விழுக்காட்டை எட்டினர். இப்போது ஆய்வகச் சிறு கலங்கள் 19 விழுக்காட்டையும் கடந்துவிட்டன.

எனினும் ஒரு துயரம் உண்டு. எந்தக் கதிரவனுக்காக அம்மை செய்யப்பட்டதோ, அதே கதிரவனே அதைச் சிதைக்கிறான். காற்றும் ஈரமும் அவனுக்குத் துணை செய்கின்றன. சிலிக்கன் பலகை இருபத்தைந்து ஆண்டுகள் வெயிலில் உழைக்கிறது. அதனோடு போட்டியிடக் கரிமக் கலம் இன்னும் வலுப்பெறவில்லை. நகமளவுக் கலத்தில் கிடைக்கும் பயன், பெரிய தாளில் பூசும்போது குறைந்தும் விடுகிறது. ஆய்வாளர்கள் இன்று போராடுவது இவற்றோடுதான்.

முந்திக்கொண்ட தம்பி

ஆனால் அதன் தம்பி முந்திக்கொண்டான்! ஒளியை மின்சாரமாக்கும் பொருள், மின்சாரத்தை ஒளியாக்கவும் கூடும் அன்றோ? 1987இல் அதே சிங் டாங், ஸ்டீவன் வான்ஸ்லைக் என்பவருடன் சேர்ந்து, குறைந்த மின்னழுத்தத்தில் நன்கு ஒளிரும் கரிம விளக்கைச் செய்து காட்டினார். இன்று பலருடைய கைப்பேசித் திரையில் ஒளிர்வது அதன் வழித்தோன்றலே. எதற்கும் உதவாத கரும்பொடியின் இனம் நம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது.

2000ஆம் ஆண்டில் ஹீகர், மக்டியார்மிட், ஷிராகவா ஆகிய மூவரும் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அளவு தவறிய அந்தக் கைகளுக்குரியவர் அம்மேடையில் இல்லை. ஆயினும் அவருடைய தவறு இல்லையேல் இக்கதையும் இல்லை.

நம் இல்லங்களிலும் அளவு தவறும் கைகள் உண்டு. பிள்ளை ஒரு வேலையைக் கெடுத்துவிட்டால், “கெடுத்துவிட்டாயே” என்று கடிந்து, கெட்டதைக் குப்பையில் எறிந்துவிடுவது நம் வழக்கம். இனி அவ்வாறு எறியுமுன், அவனருகில் அமர்ந்து, “இங்கே என்ன ஆயிற்று, சொல் பார்ப்போம்” என்று ஒருமுறை கேட்போமா? ஷிராகவா செய்தது அவ்வளவே.