சிதம்பரமா, சென்னையா?

கோடை பிறந்தால் கடலூரில் இரண்டு பேச்சு. பண்ருட்டிப் பலா என்ன விலை என்பது ஒன்று. பட்டம் பெற்ற பிள்ளை மேற்படிப்புக்கு எங்கே போவது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குச் சந்தை விடை சொல்லிவிடும். இரண்டாவதற்கு ஊரே விடை சொல்ல வருகிறது. வம்பு அங்கேதான்!

"சென்னைதானப்பா! 1857-ல் தோன்றியது, சர். சி. வி. இராமன் பட்டம் பெற்றது" என்கிறார் ஒரு பெரியவர். "அண்ணாமலைக்கு என்ன குறைச்சல்? 1929 முதல் மாணவர் தங்கிப் பயிலும் பல்கலைக் கழகம். நாவலர் நெடுஞ்செழியன் பயின்ற இடம்" என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மை. இரண்டும் பெரிய இடங்களே. அறிஞர் அண்ணா சென்னைப் பச்சையப்பனில் பயின்றார். பேராசிரியர் அன்பழகன் அண்ணாமலையில் பயின்று, அதே பச்சையப்பனில் ஆசிரியரானார். இதில் எது உயர்ந்தது என்று எந்தத் தராசு சொல்லும்?

பெயரைப் பார்த்து முடிவு செய் என்போரை, கடலூர் பெரியார் கலைக் கல்லூரி வாசலில் சற்று நிற்கச் சொல்கிறேன். அங்கே முன்பு சென்னைப் பல்கலைக் கழகப் பட்டம். 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக் கழகம் பிறந்ததும் அதன் கீழ் வந்தது. 2021-ல் வந்த சட்டத்தின்படி அண்ணாமலையின் கீழ்ச் சேர்ந்தது. கல்லூரி அதே கல்லூரி. சான்றிதழின் தலைப்பு மாறியது. அதனால் கரும்பலகையில் எழுதிய கணக்கு மாறிவிட்டதா?

பின் எதைப் பார்ப்பது? துறையைப் பார், தம்பி! கடலைப் படிக்க விரும்புகிறாயா? பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்துவாரத்தில், அண்ணாமலையின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. ஆறும் கடலும் கலக்கும் இடமே ஆய்வுக்கூடம். வீட்டருகே இருக்கும் அதை விட்டுவிட்டு, பெயருக்காகப் பட்டணம் ஓடுவானேன்? வரலாறு படிக்க ஆசையா? எழும்பூர் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் சென்னையில்தான். அப்போது மூட்டையைக் கட்டு! இசையென்றால் சிதம்பரம், தமிழிசைக்காக அண்ணாமலை அரசர் வாதாடிய இடம் அது. தமிழென்றால் எனக்கே தயக்கம். பேரகராதியை 1924 முதல் 1936 வரை வெளியிட்டது சென்னை. சோமசுந்தர பாரதியார் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கியது அண்ணாமலை. ஆனால் அவையெல்லாம் பழம்பெருமை. இன்று அங்கே எத்தனை ஆசிரியர் இடம் நிரம்பியிருக்கிறது, எத்தனை காலியாகக் கிடக்கிறது என்று நேரே போய்க் கேள்.

எஃப்.ஏ. தேர்வில் தோற்ற இராமானுசனுக்கு, 1913-ல் மாதம் 75 ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னது சென்னைப் பல்கலைக் கழகம். சீட்டைப் பார்க்கவில்லை, சரக்கைப் பார்த்தது! பல்கலைக் கழகம் மாணவனிடம் பார்த்ததை, மாணவன் பல்கலைக் கழகத்திடம் பார்க்கலாகாதா?

பணத்தையும் பேசத்தான் வேண்டும். நிதி நெருக்கடியில் சிக்கிய அண்ணாமலையை 2013-ல் அரசு ஏற்றது. ஏற்ற பிறகும் மருத்துவ மாணவர்களிடம் தனியார் கட்டணமே வாங்கினார்கள். 2020 இறுதியில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2021 தொடக்கத்தில்தான் அரசுக் கல்லூரிக் கட்டணம் என்ற ஆணை வந்தது. சென்னையின் கதை மட்டும் என்ன? வரி பாக்கி என்று 2024-ல் அதன் வங்கிக் கணக்குகளையே வருமான வரித்துறை முடக்கியது. ஆகவே கட்டணத் தாள், விடுதித் தாள், உதவித்தொகைத் தாள் மூன்றையும் கையில் வாங்காமல் எந்தப் பெருமைக்கும் மயங்காதே.

இனி, எனக்குக் கோபம் வரும் இடம். ஒரே வீட்டில் அண்ணனுக்குச் சென்னை, தங்கைக்குச் சிதம்பரம் என்று பாகம் பிரிக்கிறார்கள்! ஏனாம்? சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். திருப்பாதிரிப்புலியூரில் காலையில் வண்டியேறினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாமாம். அவள் கேட்டது என்ன பாடம்? யாரும் கேட்கவில்லை! அவள் விரும்பும் துறை சிதம்பரத்தில் சிறந்திருந்தால் மகிழ்ச்சி. விடுதியில் தங்கிப் படிக்கட்டும். சென்னையில் சிறந்திருந்தால்? 1907-ல் புதுக்கோட்டையிலிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் புறப்பட்டார் முத்துலட்சுமி. 1912-ல் மருத்துவராக வெளிவந்தார். நூறாண்டுக்கு மேல் கழிந்தபின், கடலூரிலிருந்து சென்னை தொலைவாகிவிட்டதா?

கடலூர்ப் பெற்றோரே! இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் வாங்கி அவள் கையில் கொடுங்கள். பாடத்தின் பெயரை அவள் எழுதட்டும். கட்டணத் தாளை மட்டும் நீங்கள் வாங்கிப் பாருங்கள்.