குடல் நோயும் ஊர் ஜலமும்

உஷ்ணப் பிரதேசத்து மனிதனுடைய குடலின் அமைப்பே வேறு என்று சென்ற நூற்றாண்டின் மத்தியில் வைத்தியர்களில் சிலர் எண்ணினார்கள். ஆரோக்கியமான சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போன்ற நுண்ணிய நீட்சிகள் நெருங்கி நிற்கும். உண்ட உணவின் சத்தை உறிஞ்சுபவை அவையே. இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் அவை குட்டையாகி, இலைகளைப் போலவும் வரப்புகளைப் போலவும் தட்டையாக இருப்பதைக் கண்டபோது, இது இந்த ஜனங்களின் இயற்கை என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

அந்த எண்ணத்தைக் கவிழ்க்க அமெரிக்கர்களின் குடலே சாட்சியாக வந்தது. 1960களில் பாகிஸ்தானில் தொண்டு செய்ய வந்த அமெரிக்கச் சமாதானப் படை வாலிபர்களின் குடலும், இங்கு தங்கியபின் அதே கோலத்தை அடைந்தது. தாயகம் திரும்பியபின் தேறியது. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியர்களின் குடலும் நாளடைவில் சீர்பட்டதை 1971ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. குற்றம் இரத்தத்தில் இல்லை, வசிக்கும் இடத்தில் இருக்கிறது என்பது இதனால் விளங்கும். மலம் கலந்த ஜலமும் மண்ணுமே முக்கிய காரணம் என்பது இன்று பெரும்பாலான நிபுணர்களின் முடிவு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. குடலை நைந்துபோகச் செய்வதில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்திக்கும் அவ்வளவு பங்கு இருக்கிறது. ஒவ்வொரு மிடறோடும் கிருமிகள் உள்ளே புகுவதால், குடற்சுவரிலுள்ள வெள்ளை அணுக்கள் ஓய்வின்றிப் போரிடுகின்றன. அவை வெளியிடும் ரசங்கள் பகைவனோடு சொந்தக் கோட்டையையும் அரிக்கின்றன. நீட்சிகள் குட்டையாகின்றன, சுவர் கசிகிறது, வளர்ச்சிக்கு வேண்டிய சத்து யுத்தச் செலவாகிறது. பேதி கண்டு படுக்காமல், ஓடி விளையாடும் குழந்தையின் குடலிலும் இந்தப் போர் நடக்கிறது. ஆகவே தாய் அறிவதில்லை, சர்க்காரும் கணக்கெடுப்பதில்லை.

சொட்டு மருந்தும் இங்கே இடறுகிறது. மேல்நாட்டில் மூன்று தடவை கொடுத்தால் போதுமான இளம்பிள்ளை வாத மருந்து நம் குழந்தைகளுக்குப் போதாது என்பதை, 1970களிலேயே வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான் எடுத்துக் காட்டினார். அந்நோயை 2011ல் ஒழிப்பதற்குள் எத்தனை தடவை திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது! டில்லியில் கண்டெடுத்த கிருமியைக்கொண்டு இந்தியாவிலேயே தயாரித்த ரோட்டா வைரஸ் மருந்து, 2014ல் வெளியான சோதனையின்படி, முதல் வயதில் கடும்பேதியை ஏறக்குறைய 56 சதவிகிதமே தடுத்தது. செல்வ நாடுகளில் இவ்வகை மருந்துகள் 85 சதவிகிதத்துக்குமேல் தடுக்கின்றன. தாய்ப்பாலிலுள்ள எதிர்ப்புப் பொருள் முதலிய காரணங்களும் உண்டு. நைந்த குடலும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. அதற்காக மருந்தை இகழ்வது மூடத்தனம். பாதிப் பேர் பிழைப்பது சிறு காரியமா?

ஆனால் மருந்தோடு கடமை முடிந்தது என்று அதிகாரிகள் கைகழுவ இடங்கொடுக்கலாகாது. வங்காள தேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் வீட்டுக்கு வீடு எளிய கக்கூஸ், குளோரின், கை கழுவும் வசதி ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளின் உயரம் அவற்றால் கூடவில்லை என்று 2018லும் 2019லும் முடிவுகள் வந்தன. சுத்தத்தால் பயனில்லை என்று இதற்குப் பொருள் செய்ய ஆட்கள் இருப்பார்கள். தெரு முழுவதும் அசுத்தமாயிருக்கையில் ஒரு வீட்டு வாசலில் மட்டும் போட்ட வேலி போதவில்லை என்பதே நாம் காணும் பொருள். ஊர் முழுவதற்கும் மூடிய சாக்கடையும், எந்நேரமும் அழுத்தம் குன்றாத குழாய் ஜலமும் வேண்டும். விட்டுவிட்டு வரும் குழாயில், ஜலம் நின்ற வேளையில் பக்கத்துச் சாக்கடை நீர் கசிந்து நுழைகிறது. இதை எந்த நகரசபை இன்ஜினீயரும் அறிவார். அடுத்த வரவு செலவுத் திட்டம் வரும்போது அங்கத்தினர்கள் அவரை அழைத்துக் கேட்கட்டும்.