சண்டைக்கு ஏன் சங்கீதம்?

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கோடை பிறந்தால் பாரதக் கூத்துக் களைகட்டிவிடும். இரவெல்லாம் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் சமைத்த துரியோதனன் உருவம் தரையில் கிடக்கும். வீமன் வேஷக்காரர் கதையை ஓங்கிக்கொண்டு அதைச் சுற்றி வருவார். மிருதங்கம் துரித காலத்தில் முழங்கும், முகவீணை வீறிடும். துரியோதனன் தொடை பிளந்ததும் ஆரவாரம் அடங்கி, ஒப்பாரி எழும். சற்று முன் ஜயகோஷம் செய்த ஜனங்களே கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள்.

இவ்வருஷம் படுகளம் பார்த்துத் திரும்புகையில் நம் மாணவன் ஒருவன், "சினிமாச் சண்டையில் செத்தவனுக்கு யாரும் அழுவதில்லையே, ஏன் ஸார்?" என்று கேட்டான். நாம் திகைத்துப் போனோம். யோசித்துப் பார்த்ததில், பதிலில் பாதியாவது சங்கீதத்தில் இருப்பதாகத் தோன்றிற்று.

1948-ல் ஜெமினியார் வெளியிட்ட 'சந்திரலேகா'வை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ராஜேஸ்வர ராவ் சங்கீதம் அமைத்த அப்படத்தில் பிரம்மாண்டமான முரசுகளின் மீது மாதர் நடனமாடுவர். நடனம் முடிந்ததும் அம்முரசுகளுக்குள்ளிருந்தே வீரர்கள் வெளிப்பட்டுப் பாய்வார்கள். அங்கே இசை போருக்குக் கட்டியம் கூறியது.

1987-ல் வந்த 'நாயகன்' படத்தில் இளையராஜா வேறு வழி கண்டார். கதாநாயகன் ரத்தக் கறை படிந்து உயர உயர, அவன் அனாதைச் சிறுவனாயிருந்த காலத்து மெட்டு ஒன்று, தாலாட்டைப் போலத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. வெற்றியைக் கொண்டாட வந்த மனம் அங்கே இரக்கத்தில் கரைகிறது.

அமெரிக்காவில் லாலோ ஷிஃப்ரின் என்பவர் இன்னும் துணிந்தார். 1968-ல் வெளியான 'புல்லிட்' படத்தின் பிரசித்தமான கார் துரத்தலில், வேகம் பிடித்ததுமே வாத்தியங்களை நிறுத்திவிட்டார். எஞ்சினின் உறுமலும் சக்கரங்களின் கிறீச்சொலியுமே மிச்சம். அபாயம் அபாயமாகவே காதில் விழுகிறது.

2022-ல் வந்த 'விக்ரம்' படத்தில் அனிருத் கையாண்டது மற்றொரு முறை. முகமூடி கழன்று கதாநாயகன் வெளிப்படும் கட்டத்தில் கனத்த தாளமும் மின்னிசையும் எழுந்து, கொட்டகையையே குலுக்கின. உற்சாகத்துக்குக் குறைவில்லை. வீமன் சுற்றி வருகையில் மிருதங்கம் செய்வதும் அதுதானே? ஆனால் மிருதங்கத்துக்குப் பின் ஒப்பாரி உண்டு. அதைப் பின்பற்றி வந்த பல படங்களில் அது இல்லை.

மாணவனிடம், "அடுத்த தடவை சண்டைக் காட்சி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்டுப் பார்" என்றோம்.

திங்கட்கிழமை வந்தான். "மூடிப் பார்த்தேன் ஸார். பாட்டுத்தான் கேட்டது, அடிபட்டவன் குரல் கேட்கவே இல்லை" என்றான்.

நாம் சொல்ல நினைத்த பதிலும் அதுவே.