சைக்கிள் பிரேமை வெட்டி ஒட்டுவதற்கு முன்



நமது அறக்கட்டளைக்கு வரும் தொழில் உதவி மனுக்களில் சைக்கிள் கேட்டு வருபவை எப்போதும் உண்டு. டீ கேன் வைத்து விற்க, பாத்திரம் கட்டிப் போக, சாணை பிடிக்க என்று கேட்பார்கள். சில காலமாக வேறு மாதிரியான மனுக்களும் வருகின்றன. “சைக்கிள் இருக்கிறது, பின்பக்கத்தை வெட்டி நீட்டிப் பெட்டி வைக்க வேண்டும், வெல்டிங் செலவுக்கு உதவுங்கள்” என்கிறார்கள். கால் தூக்கிப் போட முடியாத பெரியவர்கள் குறுக்குப் பாரை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் சிலர் மொட்டைமாடியில் சொந்தமாகப் பிரேம் கட்டப் போவதாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய தாய்மார்கள் நம் அலுவலகத்துக்கு வந்து, “இது பிழைப்புக்கு ஆகுமா, ஆபத்தில்லையா?” என்று விசாரிக்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

முதலில் ஒன்று. கேட், கிரில் வேலை வேறு, சைக்கிள் பிரேம் வேலை வேறு. கேட் நின்ற இடத்தில் நிற்கிறது. ஒட்டு விட்டால் ஒரு பக்கம் தொங்கும், அவ்வளவுதான். சைக்கிளில் ஒவ்வொரு மிதிக்கும் பிரேம் இடமும் வலமுமாகக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. ஒவ்வொரு குழிக்கும் முன்பக்கம் ஓர் அடி வாங்குகிறது. நல்ல கம்பெனிகள் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 4210 என்ற உலகத் தரவிதியில் பெடல் மேல் ஒரு லட்சம் முறை விசை கொடுத்து, விரிசல் விடுகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரே நாளில் உடைவதைப் பற்றியல்ல, அலுத்து அலுத்து ஒருநாள் உடைவதைப் பற்றித்தான் அவர்கள் கவலைப்படுகிறார்கள். நமக்கும் அதே கவலைதான்.

பிரேம் என்பது இரண்டு முக்கோணம். முன்னால் பெரியது, பின்னால் சக்கரத்தின் இரு புறமும் சின்னது. முக்கோணம் என்பதால்தான் மெல்லிய குழாய் இவ்வளவு பாரம் தாங்குகிறது. எவ்வளவு மெல்லியது என்றால், சாதாரண இரும்புப் பிரேமில் குழாயின் தகடு 16 முதல் 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.6 முதல் 1.2 மில்லிமீட்டர். விலை உயர்ந்த குரோமாலி குழாயில் நடுப்பகுதி 0.6 மில்லிமீட்டர்கூட இருக்கும், முனைகளில் மட்டும் 0.9 இருக்கும். முனையை ஏன் தடியாக வைத்தார்கள்? ஒட்டும்போது சூடுபட்டு இரும்பு தளர்வது அங்கேதான். இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் கம்பெனி இப்படி முனை தடித்த குழாய்க்கு 1897-லேயே காப்புரிமை வாங்கிவிட்டது. குறுக்குப் பாரை எடுப்பது என்றால் முன் முக்கோணத்தையே கலைப்பது. பெரியவர்களுக்கு அதற்காகப் பணம் கொடுக்க மாட்டோம். பார் தாழ்ந்த லேடீஸ் சைக்கிள் பழையதாக வாங்கித் தருகிறோம். அதில் குழாய்களை வேறு விதமாக அமைத்தே செய்திருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஹஜ்ரத் ஒருவரே அதில்தான் போகிறார்.

இனி ஒட்டுவது பற்றி. இங்கேதான் நம் ஊரில் பெரும்பாலும் தவறுகிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

இரும்புச் சைக்கிளை ஒட்டப் பல வழிகள் உண்டு. கேஸ் சுடரில் குழாயைச் சிவக்கக் காய்ச்சி, வெண்காரம் போட்டு, பித்தளைக் கம்பியை உருக்கிச் சந்துக்குள் ஓடவிடுவது ஒரு வழி. இதில் பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகுகிறது. இரும்பு உருகவே உருகாது, அதற்கு 1,500 டிகிரி வேண்டும். தட்டான் பற்றாசு வைத்து ஒட்டுவதும் இதே முறைதான். இரண்டாவது, ஆர்க் வெல்டிங். கரண்டில் ராடும் குழாயும் சேர்ந்து உருகிக் கலக்கின்றன. மூன்றாவது, டிக் என்று சொல்லும் ஆர்கான் வெல்டிங். இதுவும் குழாயை உருக்குவதுதான், ஆனால் சூட்டை இம்மி இம்மியாகக் கட்டுப்படுத்தலாம். இன்று நல்ல இரும்புப் பிரேம் செய்பவர்கள் டிக் முறையையோ பித்தளை முறையையோதான் பயன்படுத்துகிறார்கள்.

நம் ஊர்ப் பட்டறைகளில் இருப்பது ஆர்க். கிரில்லுக்குப் போடும் 3.15 மில்லிமீட்டர் ராடை 1.2 மில்லிமீட்டர் தகட்டின் மேல் ஓட்டினால் என்ன ஆகும்? குழாய் ஓட்டையாகும். ஓட்டையை அடைக்க மேலே மேலே மசாலா ஏற்றுவார்கள். கடைசியில் கொழுக்கட்டை பிடித்த மாதிரி ஒரு கட்டி நிற்கும். பார்ப்பதற்குப் பலமாகத் தெரியும். ஆனால் அந்தக் கட்டி முடிகிற இடத்தில், சூடுபட்டுத் தளர்ந்த மெல்லிய குழாய் இருக்கிறது. விரிசல் அங்கேதான் தொடங்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நம் வீடுகளில் இருக்கும் பழைய 22 இன்ச், 24 இன்ச் சைக்கிள்களின் மூட்டுகள் கம்பெனியிலேயே பித்தளை ஓட்டி ஒட்டப்பட்டவை. அந்த மூட்டு விட்டுப்போனால், அதன் மேலேயே ஆர்க் ராடு வைத்தால் பிடிக்காது. பித்தளை இரும்போடு கலந்து ஒட்டில் குமிழும் விரிசலும் விழும். பித்தளையில் உள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாக வேறு கிளம்பும். பித்தளையில் ஒட்டியதை மறுபடி பித்தளையில்தான் ஒட்ட வேண்டும். கேஸ் வெல்டிங் தெரிந்த பழைய ஆட்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கூலி கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுக்கலாம்.

அலுமினியப் பிரேமைப் பற்றி ஒரே வரி: விரிசல் விட்டால் ஒட்டாதீர்கள். 6061 என்ற வகை அலுமினியத்தை ஒட்டினால், ஒட்டை ஒட்டிய பகுதி தன் பலத்தில் பெரும் பங்கை இழந்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர முழுப் பிரேமையும் உலையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். அந்த வசதி தெருமுனைப் பட்டறையில் கிடையாது.

பிள்ளைகள் வெல்டிங் பழகுவதையே பெரிதாக நினைக்கிறார்கள். உண்மையில் பிரேம் கட்டுவதில் முக்கால்வாசி வேலை சுடர் பற்றுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒரு குழாய் இன்னொரு குழாயின் வளைவான உடம்பில் போய் உட்கார வேண்டும். அதனால் அதன் முனையை அந்த வளைவுக்குச் சரியாகக் குடைய வேண்டும். காகிதத்தில் வரைந்து, வெட்டி, குழாயில் சுற்றி, அதன் ஓரமாகக் கோடு போட்டு, பிளேடால் அறுத்து, அரைவட்ட அரத்தால் ராவ வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சந்தில் ஒளி தெரியக் கூடாது. சந்து பெரிதாக இருந்தால் எந்தக் கெட்டிக்காரன் ஒட்டினாலும் அது அடைப்பு வேலைதான்.

பிறகு பலகையில் வைத்துப் பொட்டு வைப்பது, அளப்பது, ஒரு பக்கம் கொஞ்சம் ஒட்டினால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஒட்டுவது. ஒரே பக்கம் ஓட்டிக்கொண்டே போனால் இரும்பு ஆறும்போது அந்தப் பக்கமே இழுத்துக்கொள்ளும். சூடாக இருக்கும் ஒட்டில் தண்ணீர் ஊற்றுவது நம் பட்டறைப் பழக்கம். பிரேமில் அதைச் செய்யவே கூடாது. திடீரென்று குளிர்ந்த எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும், குரோமாலி என்றால் இன்னும் மோசம். தானாக ஆறட்டும். இருமுனையும் அடைபட்ட குழாயை ஒட்டினால் உள்ளே காற்று விரிந்து உருகிய உலோகத்தை முகத்தில் தெறிக்கும். முன்பே சிறு துளை போட்டுக்கொள்ள வேண்டும். கிராங்க் அச்சு போகும் உருளையில் மரை உண்டு. செயின் பக்கத்து மரை பெரும்பாலும் இடது மரை. சூட்டில் அது கோணினால் கப் ஏறாது.

பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பின்சக்கரம் மாட்டும் ஒரு காதில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறு காதுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இரு புறமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. ஒரு நூல் அளவுக்கு மேல் போனால் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நம் சகோதரர் ஒருவர் பெரிய டீ கேன் வைப்பதற்காக ஒரு பட்டறையில் முன் போர்க்கை வெட்டி நீட்டி வைத்திருந்தார். சில மாதம் ஓடியது. ஒருநாள் பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது போர்க் முறிந்தது. தோள் எலும்பு உடைந்து, கொதிக்கும் டீ தொடையில் கொட்டி, இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தோம். முறிந்த முகத்தில் பாதி பளபளவென்று இருந்தது, மீதிப் பாதியில் துரு. துரு ஏறியிருந்தால் அந்த விரிசல் அன்றைக்கு வந்ததல்ல. பெயிண்டுக்கு அடியில் பல வாரம் இருந்திருக்கிறது.

ஆகவே போர்க்கை வெட்டவோ நீட்டவோ யாருக்கும் உதவி கிடையாது. பிரேம் உடைந்தால் சில சமயம் இறங்கித் தப்பலாம். போர்க் உடைந்தால் முகம்தான் முதலில் தரையில் படும். பாரம் ஏற்ற வேண்டுமா? பிரேமைத் தொடாமல் யூ கிளாம்ப், போல்ட் போட்டு மாட்டும் கேரியர் செய்யச் சொல்லுங்கள். அதை எப்படி வேண்டுமானாலும் ஆர்க்கில் ஒட்டட்டும், உடைந்தால் பெட்டி விழும், ஆள் விழமாட்டார். பாரம் தாழ்வாகவும் பின் அச்சுக்கு அருகிலும் இருக்கட்டும். அதற்கும் மேல் பாரம் என்றால் பின்னால் இழுக்கும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டி மேல்.

தாய்மார்கள் கேட்ட ஆபத்து விஷயம். ஆர்க் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. இரவில் மணல் கொட்டியது போல் உறுத்தும், நீர் கொட்டும். உருளைக்கிழங்கு வைப்பது, தாய்ப்பால் விடுவது எல்லாம் வேண்டாம், கண் டாக்டரிடம் போங்கள். வெல்டிங் செய்யும் பிள்ளைக்கு முகமூடி இருக்கும். பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் தம்பி தங்கைக்கு இருக்காது, அவர்களை உள்ளே அனுப்பிவிடுங்கள். ஜி.ஐ. பைப் மலிவு என்று அதில் பழகுகிறார்கள். அதன் பூச்சு துத்தநாகம். அந்தப் புகை சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். ஆக்சிஜன் சிலிண்டர் வால்வில் எண்ணெய், கிரீஸ் பட்ட கை படவே கூடாது, தீப்பிடிக்கும். வீட்டுச் சமையல் சிலிண்டரை இந்த வேலைக்கு எடுப்பது சட்டப்படியும் குற்றம். மொட்டைமாடியில் காகித அச்சு, அறுப்பது, ராவுவது எல்லாம் தாராளமாகச் செய்யட்டும். ஒட்டும் வேலைக்குத் தெரிந்த ஒருவரின் பட்டறைக்குப் போகட்டும். பிழைப்புக்கு ஆகுமா என்றால், தனிப் பிரேம் கட்டி விற்பதற்கு நம் ஊரில் ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனால் மெல்லிய குழாயைக் கோணாமல் ஒட்டப் பழகியவனுக்கு வேலை கிடைக்காமல் போகாது.

ஏற்கெனவே வெட்டி ஒட்டிய சைக்கிள் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். ஹேண்டில் குழாய்க்குக் கீழே பின்புறம், கிராங்க் அருகே சக்கரத்துக்குப் போகும் இரு குழாய்கள், பின்சக்கரக் காதுகள், இந்த மூன்று இடம். பெயிண்டில் தலைமுடி போல் ஒரு கோடு, அதில் துருக் கசிவு இருந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

இந்த மாதம் முதல் வெல்டிங் செலவுக்கான மனுவுடன் சைக்கிளையும் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்ததும் பெயிண்ட் அடிப்பதற்கு முன் மறுபடி கொண்டுவர வேண்டும். ஒட்டைப் பார்த்து, நூல் பிடித்துப் பார்த்த பிறகே பாக்கிப் பணம் பட்டறைக்காரரிடம் தரப்படும். சனி, ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை அலுவலகம் திறந்திருக்கும். நூலும் அளவு டேப்பும் நம்மிடம் இருக்கின்றன.