மதியம் வரை மென்மை மாறாத சப்பாத்தி

புணேயிலிருந்து லோணாவளா செல்லும் புறநகர் இரயில் பாதையில் கட்கியை அடுத்து வருவது தாபோடி. இராணுவப் பொறியியல் கல்லூரியும் மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பணிமனையும் அமைந்த பகுதி. பணி மாறுதலில் இங்கு வரும் தமிழ்க் குடும்பங்களை முதலில் குழப்புவது ஒரு சொல். இங்குப் ‘போளி’ என்றால் இனிப்பன்று. நாம் சப்பாத்தி என்று சொல்வதுதான் அது. நம் ஊர்ப் போளியைப் ‘பூரண் போளி’ என்று கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த வியப்பு மதிய உணவு வேளையில் காத்திருக்கிறது. காலை ஏழு மணிக்குச் சுட்டு எடுத்துவந்த நம் சப்பாத்தி ஒரு மணிக்கு அப்பளமாக விறைத்திருக்கும். அருகில் அமர்ந்த மராட்டிய நண்பரின் போளியோ கைக்குட்டையைப் போல் மடியும். அதில் பாலோ தயிரோ சேர்ப்பதில்லை. பின் என்னதான் வேறுபாடு? கேட்டும் செய்து பார்த்தும் நாங்கள் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தானியம்

இங்குப் பல வீடுகளில் கோதுமையாகவே வாங்கிச் சுத்தம் செய்து, தெருமுனையில் உள்ள ‘கிரணி’ எனப்படும் மாவு மில்லில் அரைத்துக்கொள்கின்றனர். மத்தியப் பிரதேசத்தின் சிஹோர் கோதுமையும், குஜராத்தின் சனோசராவில் உள்ள லோக்பாரதி நிறுவனம் உருவாக்கிய லோக்வன் இரகமும் பெயர் பெற்றவை. கல் இயந்திரத்தில் அரைபடும்போது மாவுச்சத்தின் நுண்மணிகளில் ஒரு பகுதி உடைகிறது. உடைந்த மணிகள் கூடுதலாக நீரை உறிஞ்சும். சப்பாத்தியின் மென்மைக்கு முதற்காரணம் இதுவே.

கோதுமையின் நிறத்திற்கும் இந்தியச் சமையலறையில் மதிப்புண்டு. 1960-களில் மெக்சிகோவிலிருந்து வந்த சொனோரா 64 என்னும் குட்டை இரகம் நல்ல விளைச்சல் தந்தது. ஆனால் மணி சிவப்பாக இருந்ததால் சப்பாத்தி உண்போர் அதனை விரும்பவில்லை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான அறிவியலாளர்கள் அவ்விதைகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, பொன்னிற மணி கொண்ட ‘சர்பதி சொனோரா’வை உருவாக்கினர்.

நம் ஊர்ச் சம்பா கோதுமையை நாடுவோர் இங்குக் ‘கப்லி’ என்று கேட்கலாம். அதன் மாவில் இழுவைத் தன்மை குறைவு. ஆகவே தொடக்கத்தில் சாதாரண கோதுமை மாவுடன் சரிபாதி கலந்துகொள்வது நல்லது.

நீரும் நேரமும்

பத்துப் போளிகளுக்கு 250 கிராம் மாவு, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். நீர் ஏறத்தாழ 170 மில்லி லிட்டர். மாவிற்கு ஏற்பச் சிறிது கூடலாம், குறையலாம். நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஐந்து நிமிடங்கள் பிசைய வேண்டும். கையில் ஒட்டுவது போன்ற பதம் சரியானது. கெட்டியாகப் பிசைந்தால் தேய்ப்பது எளிது, உண்பதுதான் கடினம்.

பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி 30 நிமிடங்கள் வையுங்கள். அவசரத்தில் நாம் கைவிடுவது இந்தப் படியைத்தான். கோதுமையில் உள்ள இரு புரதங்கள் நீருடன் சேர்ந்து குளூட்டன் எனும் வலையாகின்றன. பிசையும்போது முறுக்கேறிய அவ்வலை தளரவும், தவிடு மெதுவாக நீரை உறிஞ்சவும் அவகாசம் தேவை. ஓய்வு பெறாத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். வைப்புத்தொகையைப் போலவே மாவிலும் பலன் தருவது காலம்தான்.

மடிப்பு

புணே வீடுகளின் தனித்திறன் இதில் உள்ளது. எலுமிச்சை அளவு உருண்டையைப் பூரி அளவிற்குத் தேய்த்து, மேலே எண்ணெய் தடவி, சிறிது மாவு தூவுங்கள். அரைவட்டமாக மடித்து மீண்டும் எண்ணெய் தடவி முக்கோணமாக மடியுங்கள். பின்னர் ஓரங்களை அழுத்தித் தேய்த்து வட்டமாக்குங்கள். இதற்கு ‘கடீச்சி போளி’, அதாவது மடிப்புப் போளி என்று பெயர். கல்லில் இடும்போது அடுக்குகளுக்கு இடையே நீராவி புகுந்து அவற்றைப் பிரிக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே உள்ள எண்ணெய் ஈரத்தைக் காக்கிறது.

கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மிதமான சூட்டில் நெடுநேரம் வாட்டினால் ஈரம் வற்றிவிடும். சிறு கொப்புளங்கள் தோன்றியதும் திருப்பி, மறுபுறம் வெந்ததும் மீண்டும் திருப்பி, துணியால் ஓரங்களை அழுத்தினால் உப்பிவரும்.

பாதுகாத்தல்

சுட்டவற்றை ஓரிரு நிமிடம் ஆவி அடங்க விட்டு, பருத்தித் துணி விரித்த டப்பாவில் அடுக்கி மூடுங்கள். துணி மிகுதியான ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம். வெந்த மாவுச்சத்து ஆறியபின் மீண்டும் இறுகும் இயல்புடையது. அத்தட்டின் குளிர் அதனை விரைவுபடுத்தும். அன்றே உண்பது நலம். நாள்கணக்கில் வைப்பதானால் உறைபெட்டியே ஏற்றது. பிசைந்த மாவு மறுநாள் கருத்துப்போவதற்குக் கோதுமையிலுள்ள நொதி காற்றுடன் வினைபுரிவதே காரணம். மேலே எண்ணெய் தடவிக் காற்றுப்படாமல் மூடினால் கருமை குறையும்.

இத்திறன் புணேயில் பலருக்கு வாழ்வாதாரமாகவும் உள்ளது. ‘போளி–பாஜி கேந்திரம்’ என்ற பெயர்ப்பலகையுடன் வீட்டுச் சமையலை விற்கும் சிறு கடைகளை நகரெங்கும் காணலாம். இத்தகைய தொழில் தொடங்க எண்ணுவோர், 2015-இல் தொடங்கப்பெற்ற பிரதமரின் முத்ரா திட்டத்தில், சிசு பிரிவின் கீழ் 50,000 ரூபாய் வரை பிணையில்லாக் கடனுக்கு வங்கிக் கிளையை அணுகலாம்.

மற்றவர்கள் நாளை காலை வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னதாக மாவைப் பிசைந்து பாருங்கள். ஒரு மணிக்கு டப்பாவைத் திறக்கும்போது வேறுபாடு விளங்கும்.