குறிப்பேடு இருக்கக் கணக்கு அழிவதில்லை

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையத்தில் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் தெருக்கள் பல. அங்குள்ள சிறு கடைகளில் கைப்பேசிவழிப் பணம் பெறும் அட்டை கல்லாவின் மேல் நிற்கிறது. கல்லாவுக்குள் கடன் எழுதும் நீள நோட்டும் இருக்கிறது. யார், எப்போது, எவ்வளவு என்று வரிசை தவறாமல் எழுதிய நோட்டு ஒன்று இருந்தால், தொலைந்த கணக்கை மீண்டும் எழுதிவிடலாம். வங்கியின் மாபெரும் மெயின்பிரேம் கணினியைக் காப்பதும் இதே முறைதான்.

‘கணினி பழுதானால் எங்கள் பணம் என்னவாகும்?’ என்பது வாடிக்கையாளர் மனத்தில் இயல்பாக எழும் கேள்வி. அதற்கான விடையைக் காண்போம்.

ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் தாங்கியிருக்கும் தரவுத்தளத்தை நாம் பேரேடு எனக் கொள்ளலாம். அதனுடன் ஜர்னல் எனப்படும் குறிப்பேடு ஒன்றும் இயங்குகிறது. எந்த மாற்றமும் முதலில் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். பிறகே பேரேட்டின் வட்டில் இடம்பெற வேண்டும். பரிவர்த்தனை முடிந்தது என்ற குறியும் குறிப்பேட்டில் நிலையாகப் பதிந்த பின்னரே வாடிக்கையாளருக்கு உறுதி அளிக்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஓய்வூதியர் ஒருவரின் கணக்கில் திங்கள் இரவு 11 மணிக்கு 40,000 ரூபாய் இருக்கிறது. அந்நேரத்தில் பேரேட்டுக்குக் காப்புப் படி எடுக்கப்படுகிறது. செவ்வாய் காலை 10.15 மணிக்கு ஓய்வூதியம் 12,000 ரூபாய் வரவாகிறது. 11.30 மணிக்கு அவர் தம் மகளுக்கு 5,000 ரூபாய் அனுப்புகிறார். அவர் கணக்கில் பற்று எழுதியாயிற்று. மகள் கணக்கில் வரவு எழுதும் முன் வட்டு பழுதாகிறது.

பொறியாளர்கள் முதலில் காப்புப் படியை நிறுவுகின்றனர், இருப்பு 40,000. பின்னர் திங்கள் இரவு முதலான குறிப்பேட்டை வரிசையாக ஓட்டுகின்றனர். இருப்பு 52,000 ஆகி, பின் 47,000 ஆகிறது. ஆனால் கடைசிப் பரிவர்த்தனைக்கு முடிவுக் குறி இல்லை. ஆகவே அந்தப் பற்று நீக்கப்பட்டு, இருப்பு மீண்டும் 52,000 ஆகிறது. ஓய்வூதியம் தொலையவில்லை, 5,000 ரூபாய் நடுவழியில் மறையவும் இல்லை. அவர் அத்தொகையைத் திரும்ப அனுப்பினால் போதும்.

இம்முறைக்குச் செவ்விய வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற கணினி அறிஞர் சி. மோகன். ஐ.பி.எம். ஆய்வகத்தில் அவரும் சக ஆய்வாளர்களும் வகுத்த ‘ஏரீஸ்’ முறை 1992இல் ஆய்விதழில் வெளியாயிற்று. குறிப்பேட்டை ஆராய்தல், எழுதிய அனைத்தையும் மீளச் செய்தல், முடிவுறாதவற்றை நீக்குதல் என அதற்கு மூன்று படிகள். நீக்குவதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே செல்வதால், மீட்பின் நடுவே மீண்டும் பழுது நேர்ந்தாலும் குழப்பம் இல்லை. மோகன் 2006 முதல் 2009 வரை ஐ.பி.எம். இந்தியாவின் தலைமை அறிவியலாளராகப் பெங்களூரில் பணியாற்றினார் என்பது இந்நகருக்குப் பெருமை.

எனினும், குறிப்பேட்டின் நடுவே ஒரு பகுதி காணாமற்போனால் அதற்கு மேல் கணக்கை நகர்த்த இயலாது. ஆதலால் அது பேரேடு இருக்கும் வட்டில் அல்லாமல் வேறு வட்டுகளில், ஒன்றுக்கு இரண்டு படிகளாக வைக்கப்படுகிறது. ஒரே நகரில் வைப்பதும் போதாது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. பல வங்கிகளின் மையக் கணினிகள் அந்நகரில் இருந்தமையால் நாட்டின் பிற பகுதிகளிலும் ஏ.டி.எம்.கள் முடங்கின. குறிப்பேட்டின் படி தொலைவிலுள்ள மற்றொரு நகருக்கும் செல்வது இதனால்தான்.

காப்புப் படி இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் போதாது. அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப நெறிமுறைகள், முக்கிய அமைப்புகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் பேரிடர் மீட்பு ஒத்திகை நடத்தப் பணிக்கின்றன. சேவை தற்காலிகமாக நிறுத்தப்படும் என்ற அறிவிப்பை நள்ளிரவில் காணும்போது, அதன் பின்னே இத்தகைய ஒத்திகையும் இருக்கக்கூடும் என்பதை நினைவிற்கொள்வோம்.

வெவ்வேறு வங்கிகளுக்கிடையே நடக்கும் பரிவர்த்தனை தடைப்பட்டால், இரு தரப்புக் குறிப்பேடுகளையும் ஒப்பிட்டுத் தீர்க்கச் சிறிது காலம் தேவை. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் அது திரும்ப வரவாக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. எனவே பரிவர்த்தனைச் சீட்டையும் குறுஞ்செய்தியையும் அழித்துவிடாதீர்கள். வங்கியின் குறிப்பேட்டில் உங்கள் வரியைத் தேடிக் கண்டறிய உதவும் எண் அவற்றில்தான் உள்ளது.