கூண்டுக்குள் நாம், வெளியே சிங்கம்!

மிருகக்காட்சிசாலை என்றால், கம்பிக்கு அந்தப் பக்கம் சிங்கம், இந்தப் பக்கம் கடலைப் பொட்டலத்துடன் நாம் என்பதுதானே வழக்கம்? இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியிலுள்ள லாங்லீட் பூங்காவில் இந்த வழக்கம் தலைகீழ்! அங்கே மிருகங்கள் புல்வெளியில் உல்லாசமாகத் திரிகின்றன. மனிதர்கள்தாம் கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொண்டு காருக்குள் அடைபட்டிருக்கிறார்கள்.

லாங்லீட் என்பது பாத் பிரபுவின் பரம்பரை மாளிகை. வாரிசுச் சொத்துக்கு விதித்த வரி தாங்க முடியாமல் போகவே, பிரபு 1949-ல் மாளிகையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். பிறகு ஜிம்மி சிப்பர்ஃபீல்டு என்ற சர்க்கஸ்காரர் ஒரு யோசனை சொன்னார்: "சிங்கங்களைத் தோட்டத்தில் அவிழ்த்துவிடுவோம், ஜனங்கள் காரில் வந்து பார்க்கட்டும்!" ஊரார் பதறினார்கள், பத்திரிகைகளும் கண்டித்தன. ஆனால் 1966-ல் பூங்கா திறந்ததும் கார்கள் வரிசை வரிசையாக வந்து நின்றன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இப்படி அமைந்த முதல் பூங்கா இதுதான்.

உள்ளே போனால் சிங்கம் கர்ஜித்துக்கொண்டு பாய்ந்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். நாளில் இருபது மணி நேரம் வரை ஓய்வெடுப்பது அதன் சுபாவம். வேட்டையாடும் வேலையில் பெரும்பங்கு பெண் சிங்கங்களுடையது. ஆனால் சாப்பாட்டில் முதல் பந்தி ஆண் சிங்கத்துக்குத்தான்! இதைப் படித்ததும் நம் வாசகிகள் சிலர் புன்னகை செய்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

ஒட்டகச்சிவிங்கியைப் பாருங்கள். எத்தனை நீளக் கழுத்து! ஆயினும் அதிலுள்ள எலும்புகள் ஏழே ஏழு. நம் கழுத்திலும் அதே ஏழுதான். தாய் நின்றபடியே பிரசவிப்பதால், குட்டி ஏறக்குறைய ஆறடி உயரத்திலிருந்து விழுந்துதான் பூமியைக் காண்கிறது. விழுந்த குட்டி சுமார் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிடுகிறது!

அடுத்தது வானரங்கள். இவை வட இந்தியாவில் கோவிலிலும் ரயிலடியிலும் கைப்பையைப் பறிக்கும் அதே ஜாதிக் குரங்குகள். சீமைக்குப் போயும் குணம் மாறவில்லை. காரின்மேல் ஏறிச் சவாரி செய்வதும், மழைநீர் துடைக்கும் வைப்பரைப் பிடுங்குவதும் இவற்றின் பொழுதுபோக்கு.

குரங்கு பிடுங்கினால் நஷ்டம் சில ரூபாய்தான். சிங்கமும் புலியும் உலவும் இடத்தில் அப்படியல்ல. காரை அவை இரையாக எண்ணுவதில்லை. காரை விட்டு இறங்கிய மனிதரின் கதை வேறு. 2016-ம் ஆண்டு ஜூலையில், சீனாவில் பீஜிங் அருகே இதே மாதிரியான ஒரு பூங்காவில் ஒரு பெண் காரிலிருந்து கீழே இறங்கினாள். கண்மூடித் திறப்பதற்குள் புலி அவளைப் பிடித்து இழுத்துச் சென்றது. மகளைக் காப்பாற்ற அவளுடைய தாய் காரைவிட்டு ஓடினாள். படுகாயமடைந்த மகள் பிழைத்துக்கொண்டாள், தாய் பிழைக்கவில்லை.

அந்தத் தாயைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். அதனால்தான் அங்கே முதல் தவறே நேரக் கூடாது. குழந்தை "ஜன்னலைத் திற அம்மா" என்று கெஞ்சினாலும் சரி, படம் பிடிக்க வேண்டுமென்று வீட்டுக்காரர் அவசரப்பட்டாலும் சரி, மறுத்துவிடுங்கள். காரின் கண்ணாடிதான் அங்கே லக்ஷ்மணன் போட்ட கோடு!